சுண்ணாம்புக் கணக்கு

சோயாப் புண்ணாக்கு கப்பலில் வந்தது,
ஆயிரத்து இருநூறு தொன்.
விற்ற கம்பெனியின் ஆள் விமானத்தில் வந்தாள்,
ஹருயே இவாசாக்கி.
பிரேசில் கடவுச்சீட்டு, ஜப்பான் முகம்,
என்னுடையதைப் போலவே கல்லில் இடறும் ஆங்கிலம்.

நான் வார்ஃப் கிளார்க். செட்டியார் தெருவில் கந்தோர்.
முத்திரை, கையொப்பம், மூன்று பிரதி.
அவள் கேட்டதற்கு எந்தப் படிவமும் இல்லை.
"முப்பத்துநாலில் என் தாத்தா இறங்கிய படி எது?"
கோபேயிலிருந்து சாந்தோஸுக்குப் போன கப்பல்
நிலக்கரி ஏற்ற ஒரு பகல் இங்கே நின்றதாம்.
இசாமுவுக்கு அப்போது ஆறு வயது.
ஒரு செருப்பைக் கடலில் விட்டுவிட்டு அழுதாராம்.

படி இல்லை. கொள்கலன்கள் இருக்கின்றன,
நீலம், துரு, மறுபடி நீலம்.
செருப்பு விழுந்த கடலில் ஒரு துண்டை
மணல் கொட்டி நிரப்பி
இப்போது பேர்ச் கணக்கில் விலை பேசுகிறார்கள்.
சொன்னேன். சிரித்தாள்.
"எங்களுக்கும் அப்படித்தான், இல்லாத நிலம்."

திரீவீலில் மீதியைச் சொன்னாள்.
தெற்கில் பிறர் கோப்பிக்கு முதுகு கொடுத்தது போதுமென்று
நாற்பத்தேழு வயதில் நடுமேட்டுக்கு லொறி ஏறினார் இசாமு.
பிழிந்து போட்ட சீலை மாதிரி முறுகிய மரங்கள்.
இடுப்புயரப் புல். ஆளுயரப் புற்று.
அந்த நிலத்துக்குத் தமிழில் பேர் தேடிக்கொண்டே வந்தேன்.
தரிசு என்றால், மரம் நிற்கிறது.
காடு என்றால், வானம் முழுக்கத் தெரிகிறது.
முல்லை என்று வைத்துக்கொள்ளலாம்,
குழல் ஊத ஆளில்லாத முல்லை.

மண் சிவப்பு, ஆனால் புளிப்பு.
விதைத்தது மஞ்சளாகி முழங்கால் உயரத்தில் மடியும்.
வெற்றிலைக்கு நாங்கள் விரல்நுனியில் தொடுவதை
ஏக்கருக்கு இரண்டு தொன் கொட்டினார்கள்.
முதல் வருடம் ஒன்றுமில்லை.
மறுவருடம் கொஞ்சம் நெல், அதையும் கிளி தின்றது.
நாலாம் வருடம் வங்கி முகாமையாளர்
பளபளக்கும் சப்பாத்தோடு வயலில் இறங்கி
சேறு பட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"மரங்கள்?" என்றேன்.
"இரண்டு டிராக்டர். நடுவில் ஒரு சங்கிலி.
நங்கூரச் சங்கிலி. உங்கள் துறைமுகத்தில் கிடப்பதேதான்."
கொச்சிக்கடை தேவாலயம் கடந்து போகும்வரை பேசவில்லை.
பிறகு,
"அங்கே காடு மேலே இல்லை. வேரில் இருந்தது.
அது தாத்தாவுக்குத் தெரியும்."

என் பூட்டனும் ஒரு மலையை மொட்டையடித்தவன்தான்,
பதுளைப் பக்கம், தேயிலைக்கு.
இசாமுவின் கைக்குக் காணி உறுதி வந்தது.
எங்கள் கைக்குத் துண்டு.
சொல்லவில்லை. சரக்கு விற்க வந்தவளிடம்
இந்தப் பற்றுவரவை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

ஜம்பட்டா வீதியில் "நிறுத்துங்கள்!" என்று கத்தினாள்.
தண்ணீர்ச் சபைக்காரர் குழாய்க்குத் தோண்டிய குழி.
தாருக்கு அடியில், அதற்கும் அடியில் கிடந்த கல்லுக்கு அடியில்,
செம்மண்.
குனிந்தாள். ஒரு சிட்டிகை எடுத்தாள்.
வாயில் போட்டாள்.

அவள் பையில் ஒரு குறிப்பேட்டின் நகல் இருந்தது.
இசாமுவின் அப்பா எழுதியதாம். இந்த ஊருக்கு ஒரே வரி.
"கொழும்பு. வெயில். மண் புளிக்கிறது."

கண்ணை மூடி மென்றாள், துப்பினாள்.
"சுண்ணாம்பு காணாது."

குழிக்குள் நின்ற விமலசிறிக்கு
அதைச் சிங்களத்தில் சொன்னேன்.
வாய் நிறைய வெற்றிலை அவனுக்கு, பதில் பேச வழியில்லை.
இடுப்பிலிருந்து டப்பியை எடுத்து,
மூடி திறந்து,
அவளிடம் நீட்டினான்.

சுட்டுவிரலால் தொட்டாள்.
நாக்கில் வைப்பாள் என்று பார்த்தேன்.
குந்தி இருந்து, குழியின் விளிம்பில்
ஒரு கோடு இழுத்தாள், வெள்ளையாக.

அதற்குள் குழாய் வந்துவிட்டது.
நாங்கள் மூவரும் விலகி நின்றோம்.